புதைத்தவரின் குறிப்பு

மிதிவெடி வயல் அமைக்கப் பழகும் இளம் பொறியியல் அதிகாரி அளக்கவும் எழுதவும் கற்றாக வேண்டும். இலகுவில் அழியாத ஓர் அடையாளம், அதிலிருந்து திசைகாட்டியில் எத்தனை பாகை, எத்தனை மீற்றர், எத்தனை வரிசை, எந்த வகை, மொத்தம் எத்தனை என்று எழுதிப் படம் வரைந்து கையொப்பமிட வேண்டும். பின்னாளில் அந்தக் காணியைத் துப்புரவாக்க வருபவர்களின் காலும் கையும் அந்த ஒற்றைத் தாளை நம்பியே இருக்கின்றன.

சண்டைக்குள் அந்த ஒழுங்கு நிற்பதில்லை. 1999 நவம்பரில், வன்னியில் புலிகளுடனான போரில், சில நாட்களுக்குள்ளேயே இலங்கை இராணுவத்தின் முன்னரங்கு மாங்குளத்தைவிட்டு ஓமந்தைப் பக்கம் பின்வாங்கியது. அப்படியான நேரத்தில், இருட்டில், மழையில் புதைப்பவர் எந்தத் தரப்பென்றாலும் நாடா பிடிக்கமாட்டார், காலடியால் எண்ணுவார். அடையாளமாகக் குறித்த பனை ஷெல்லில் தலையறுந்து, பிறகு பங்கருக்குக் குற்றியாகியிருக்கும். காவலரண் மூலையென்றால் மண்மூட்டை உக்கி மேடே கரைந்திருக்கும். திசையில் 2 பாகை பிசகினால் 100 மீற்றருக்கு அப்பால் மூன்றரை மீற்றர் விலகிவிடும். அகற்றுபவர் திறக்கும் பாதையின் அகலமோ 1 மீற்றர்தான்.

அதனால் தாளைவிட மண்ணையே வாசிக்க வேண்டும். முதலில் இழுபட்டால் வெடிக்கவைக்கும் இழுவைக்கம்பி உண்டா என்று மெல்லிய கோலால் தடவி, பிறகுதான் பற்றையை நுனியிலிருந்து சிறுகச் சிறுக வெட்ட வேண்டும். ஒவ்வொரு காலையும் உலோகங்காணும் கருவியை மாதிரி உலோகத்துண்டில் சோதிக்காமல் உள்ளே போகக்கூடாது. பிளாஸ்டிக் உடல்கொண்ட பி-4 போன்ற மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு. சண்டை நடந்த நிலத்திலோ ரவைக்கோதும் ஷெல்சிதறலும் அடிக்கடி ஒலி எழுப்பும். எல்லா ஒலியையும் மிதிவெடியென்றே எண்ணித் தோண்ட வேண்டும்: ஒலித்த இடத்துக்குச் சற்றுப் பின்னிருந்து தொடங்கி, சுமார் 30 பாகைச் சரிவில், பக்கவாட்டைத் தேடி. மேலிருந்து குத்தினால் அழுத்தத் தட்டில்தான் படும். கோடையில் இறுகிய வயல் மண்ணில் கோல் இறங்காது, கை பலத்தைக் கூட்டும். விபத்துக்கு வழி அதுதான். தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். யாழ் குடாநாட்டு முகமாலைப் பக்கத்து மணலில் நீளப்பிடி றேக்கால் அடுக்கடுக்காக வாரலாம்.

புலிகள் பலகைப் பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியின் பெட்டியைக் கறையான் தின்றிருக்கும். உக்கிவிட்டதென்று அலட்சியம் கூடாது. வெடிமருந்தும் டெட்டனேட்டரும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்.

இன்னொன்று வெயில். கண்ணாடிக் கவசம் வியர்வையில் மங்கும். ஒரு நொடி உயர்த்தித் துடைக்கத் தோன்றும். மங்கினால் பாதையைவிட்டு வெளியே வந்துதான் துடைக்க வேண்டும். ஓய்வு நேரத்தைக் குறைத்து மீற்றர்க் கணக்கைக் கூட்டும் மேற்பார்வையாளரை நல்லவரென்று சொல்லமாட்டேன். இந்த வேலையில் இருக்கும் பெண்கள் பலர் தனியாகக் குடும்பம் சுமப்பவர்கள்.

வரிசையில் மூன்று அகப்பட்டால் இடைவெளி பிடிபடும். நான்காவதன் இடம் தெரியும். அந்த இடம் வெறுமையாயிருந்தால் அங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். மாடு மிதித்து வெடித்ததா, சிறுபள்ளமும் பிளாஸ்டிக் துணுக்கும் உண்டா? மாரி வெள்ளம் சரிவுப்பக்கம் கொண்டுபோனதா? யாராவது கிளறியெடுத்து வேறிடம் புதைத்தார்களா? சுற்றிவர அகலித்துத் தேடி, காணாத அந்த ஒன்றையும் காரணத்தோடு வரைபடத்தில் குறித்த பிறகே காணியை உரியவரிடம் கொடுக்கலாம்.