திருப்பாம்புரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகு காலம்

மூத்தவளுக்கு வரன் கூடி வந்தால் பெண்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து பாலாபிஷேகம் செய்கிறேன் என்று என் மனைவி, ராகு கேது தோஷப் பரிகாரத் தலமான திருப்பாம்புரத்து ஈசனிடம் வேண்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. ஜாதகத்தைப் பிரித்ததுமே "ராகு கேது இருக்கே" என்று திருப்பி நீட்டியவர்கள் எத்தனை பேர்! போன ஆவணியில் அவன் கண் திறந்தான். நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம். தை பிறந்ததும் நேர்த்திக்கடனைச் செலுத்தக் கிளம்பிவிட்டோம். பெரியப்பா மகன், எங்கள் அண்ணனும் கூட வந்தார்.

வழியில் இன்னொரு பரிகாரத் தலத்தில் இறங்கினோம். பெயர் வேண்டாம். செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். தட்டு ஒரு விலை, பால் ஒரு விலை, "சீக்கிர தரிசனம்" இன்னொரு விலை. நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர் என் பெண்ணைப் பார்த்து, "தோஷம் இன்னும் முழுசா போகல, முகத்துலயே தெரியுது" என்றார். புதுத்தாலி கழுத்தில் இருக்கும் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? அவள் முகம் வாடிப்போனது. சாமியைக் கும்பிட்டுவிட்டு யாரோடும் பேசாமல் வண்டியில் ஏறினோம்.

கற்கத்தியில் பெரிய சாலையை விட்டுத் திரும்பினதும் மனசு ஆறிவிட்டது. ரெண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. நான் நெல்லோடு வளர்ந்தவன். இந்த ஊர் நெல்லைப் பார்த்ததும், பல வருஷமாக மனசில் கிடக்கிற ஒரு கணக்கு மேலே வந்தது.

திருப்பாம்புரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201-ஆம் வருஷம். பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்கிறது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் சாகக் கிடக்க, ஒரு வேளாளர் தன்னையும் தன் ரெண்டு பெண்களையும் 110 காசுக்கு இந்தக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொள்கிறார். 110 காசுக்கு அன்றைய விலையில் 330 நாழி. கலத்துக்கு 96 நாழி என்றால் மூன்றரைக் கலம்கூடத் தேறாது. மூன்று உயிருக்கு அவ்வளவுதான். எனக்கும் ரெண்டு பெண்கள்.

வண்டியில் இதைச் சொன்னேன். அண்ணன் உடனே, "அந்தக் காலம் அப்படி. இன்னிக்கு இருக்கிற நியாயத்தை வச்சு அன்னிக்கு நடந்ததை அளக்கக் கூடாது. கோயில் வாங்கலேன்னா மூணு பேரும் செத்திருப்பாங்க" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. கோயில் களஞ்சியம் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கும். நான் பேசாமல் இருந்தேன். சின்னவள்தான் கேட்டாள்: "பெரியப்பா, அளவுகோல் கோயில்கிட்டயும் ராஜாகிட்டயும் மட்டும்தான் இருந்துச்சா? அந்த அப்பாகிட்ட ஒண்ணு இருந்திருக்கும்ல?"

அப்புறம் கோயில் வாசல் வரை யாரும் பேசவில்லை.

அவள் கேட்டது சுந்தரர் கதையில் கொண்டுபோய் விட்டது. கல்யாணப் பந்தலில் கிழவராக வந்த சிவபெருமான், "இவன் எனக்கு வழிவழி அடிமை" என்று பாட்டன் எழுதிய ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் ஏன் கொதித்தார்? அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது உண்டா, நீ என்ன பித்தனா என்றுதானே கேட்டார். மனுஷனுக்கு மனுஷன் அடிமையா என்று அவர் கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. அடிமை ஓலை என்றால் என்ன என்று பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அது தன் கழுத்துக்கு வந்தபோது தாங்க முடியவில்லை. அப்படியானால் வலி அன்றைக்கும் தெரிந்த வலிதான். தெரியாமல் செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சோழர் காலத்தை விடுங்கள். என் தாத்தா மிராசுதார். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுத்தவர், தேவாரம் சொல்லாமல் சாப்பாட்டில் கை வைக்காதவர். அடிமை முறை செல்லாது என்று 1843-லேயே சட்டம் வந்தும், தஞ்சாவூர்ப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் அவர் காலம் வரை இருந்தன. எங்கள் பண்ணையிலும் இருந்தது. வேலைக்குப் பிந்தி வந்த ஒரு பண்ணையாளுக்குச் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்ததைப் பாட்டி கண்ணால் பார்த்திருக்கிறாள். எனக்குச் சொல்லும்போது அவளுக்கு எண்பது வயசு. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அந்தக் காலத்து மனுஷிதானே? அவளுக்கு அது தப்பு என்று தெரிந்திருந்தது. தாத்தாவின் பக்தி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மடியில் உட்கார்ந்துதான் பதிகம் படித்தேன். ஆனால் அவர் செய்தது அன்றைக்கே தப்பு.

உள்ளே கூட்டமான கூட்டம். ஞாயிற்றுக்கிழமை, நாலரை ஆறு ராகு காலம், கேட்கவா வேண்டும். பால் பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆளை ஆள் இடித்தார்கள். ஒரு கைக்குழந்தை மூச்சு முட்டி வீறிட்டது. வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் நுழைந்தவர்களைக் கேட்க ஆளில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, சேஷபுரீஸ்வரரையும் வண்டார்குழலி அம்மையையும் தரிசித்துவிட்டு ராகு கேது சன்னிதிக்கு வந்தோம்.

ஒரே உடம்பாக ராகுவும் கேதுவும். பால் தலையில் விழுந்து, மடிப்பு மடிப்பாக இறங்கி, கீழே கல்லில் வெள்ளையாகப் பரவியது. சாணிப்பால் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்கும் பால் என்று பேர் வைத்தார்களே!

குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். பெண்கள், மாப்பிள்ளை என்று சொல்லி முடித்தேன். "அவ்வளவுதானா?" என்றார். "இந்தக் கோயிலுக்கு ஆளான ஒரு அப்பா, ரெண்டு பெண்கள்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, சிவ கோத்திரம் என்று சேர்த்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பண்ணையாளின் பேரைச் சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார். வாய் வரவில்லை. எங்கள் வீட்டு மாடு கன்று போட்ட நாள்கூடத் தாத்தா நோட்டில் இருக்கும். அவர் பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்கள்?

1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை பல கோயில்களின் வாசற்படியை அவர் தாண்டியிருக்க முடியாது. அவர் பேர் அன்று கருவறை பக்கத்தில் மணியோசைக்கு நடுவே கேட்டது. தீபம் காட்டும்போது யாரோ பின்னால் சுந்தரரின் "அத்தா உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே" என்று பாடினார்கள். நானும் சேர்ந்து பாடினேன். குரல் உடைந்துவிட்டது. அப்பனே, உனக்கு மட்டும்தான் நாங்கள் ஆள். வேறு யாருக்கும் யாரும் இல்லை. என் பெண் முகம் தீப வெளிச்சத்தில் தெளிந்து இருந்தது. நாலு வருஷக் கவலையை எடுத்துக்கொண்டாயே, உன் கருணைக்கு நான் என்ன செய்வேன்! பக்கத்தில் என் மனைவி விம்மி விம்மி அழுதாள். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் நின்றோமோ, பின்னாலிருந்தவர்கள் தள்ளித்தான் நகர்ந்தோம்.

அந்தப் பண்ணையாளின் பேரன் எங்கள் ஊர்ப் பக்கம் வாத்தியார் வேலை பார்க்கிறார். பார்த்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவு பழக்கம்தான். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நம்பர் வாங்கிப் போன் செய்தேன்.

"சார், உங்க தாத்தா என்ன நட்சத்திரம்னு தெரியுமா?"

"எதுக்கு சார்?"

சன்னிதியில் நடந்ததைச் சொன்னேன். பாட்டி பார்த்ததையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அது தெரியும் சார். தாத்தா எங்கப்பாகிட்ட சொல்லியிருக்காரு," என்றார். "நட்சத்திரம் அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்."