ரஹீம் சாபின் இடதுகால் பாடம்

எழுபதுகளில் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பந்து உதைத்த யாருக்கும் கால்பந்துப் பயிற்சியாளர் ரஹீம் சாப் பெயர் தெரியாமல் இருந்திருக்காது. நேரில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1963 ஜூனிலேயே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெரியவர் வாயைத் திறந்தாலே அவர் கதைதான்.

சையது அப்துல் ரஹீம் நம் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடமும் விடாமல் பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஜெயித்தது அவர் பயிற்சியில்தான். இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர்: 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். பதக்கக் கணக்கு இருக்கட்டும், எனக்குப் பிடித்தது அந்த வாத்தியார் புத்திதான்.

வலுவில்லாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பாராம். இன்னொன்றில் ட்ரிபிளிங்கே, அதாவது பந்தைக் காலிலேயே தட்டித் தட்டிக் கொண்டுபோவதே, கூடாது. எங்கள் பெரியவரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வலதுகாலில் பந்து பட்டால் விசில், எதிரணிக்கு ஃப்ரீ கிக். வலதுகால் சூரன் ஒருவன் இடதுகாலை வீசி, பந்தை விட்டுவிட்டு மண்ணைக் கிளப்பினான். மைதானமே சிரித்தது. கொஞ்ச நாளில் அவனே இடது ஓரத்திலிருந்து அருமையாக கிராஸ் போட்டான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக் கதையை மட்டும் பெரியவர் நின்றுகொண்டுதான் சொல்வார். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். வேறு யாராவது என்றால் வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீமோ அவரை முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியாட்டத்தில் இன்னொன்று! இறுதியாட்டத்தில் கோல் காத்தவர், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த நம்ம ஊர்த் தமிழர் பீட்டர் தங்கராஜ். கூட்டம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல் போட, தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். அப்போதே ரஹீமுக்கு உடம்பு சரியில்லை.

அவர் மகன் ஹகீமும் நல்ல ஆட்டக்காரர், பிற்காலத்தில் சர்வதேச நடுவர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். பயிற்சியாளர் அப்பாதான். இருந்தும் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. சிபாரிசு இல்லாமல் எதுவும் நடக்காது என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.