விகிதத்தை நம்பும் முன் கவுண்ட்டைப் பாருங்கள்

கலவையைப் பொருள் பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அயனிகளாக உடைத்து நிறை பார்க்கும் கருவி ஜிசி-எம்எஸ். அதில் லைப்ரரி தேடல் (கிடைத்த ஸ்பெக்ட்ரத்தைத் தெரிந்த பொருட்களின் ஸ்பெக்ட்ரங்களோடு ஒப்பிடுவது) முடிந்ததும் கண் நேராக மேட்ச் ஃபேக்டருக்குத்தான், அதாவது 999-க்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண்ணுக்குத்தான் போகும். 900-க்கு மேல் என்றால் பெயரை எழுதிவிட்டு அடுத்த பீக்குக்கு நகர்ந்துவிடுகிறோம். நகரும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த ஸ்பெக்ட்ரத்தின் கவுண்ட், அதாவது டிடெக்டர் பதிவு செய்த சிக்னலின் அளவு.

அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவன லைப்ரரியில் ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்தின் உயரமான பீக்குக்கும் 999 கொடுத்து, மற்றவற்றை அதற்கேற்ற விகிதத்தில் வைத்திருப்பார்கள். நம்முடையதும் அதே அளவுகோலில்தான் ஒப்பிடப்படுகிறது. அது சரியும்கூட. இன்ஜெக்ட் செய்த அளவு, ஸ்ப்ளிட் விகிதம், டிடெக்டரின் மல்டிப்ளையர் வோல்டேஜ், அயான் சோர்ஸில் படிந்த அழுக்கு எல்லாமே கவுண்ட்டை ஏற்றி இறக்கும். 70 எலக்ட்ரான் வோல்ட்டில் மூலக்கூறு உடையும் விகிதம் ஓரளவுக்கு அப்படியே நிற்கும். ஆனால் விகிதமாக மாற்றிய பிறகு, 5,000 கவுண்ட்டில் வந்த ஸ்பெக்ட்ரமா, 50 லட்சத்தில் வந்ததா என்று தேடலுக்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

காஃபீனை எடுத்துக்கொள்வோம். பேஸ் பீக், அதாவது உயரமான பீக், நிறை 194-இல். அதில் பாதியை ஒட்டி 109. சாம்பிள் கெட்டியாக இருந்து 194-க்கு 160 லட்சம், 109-க்கு 80 லட்சம் வர வேண்டிய இடத்தில், டிடெக்டர் 84 லட்சத்தோடு நின்றுவிட்டது என்று வையுங்கள். 194 வெட்டுப்படும், 109 முழுதாக வரும். 50% இப்போது 95% ஆகிவிடும். இதைக் காட்டிக்கொடுப்பது 195, அதாவது ஒரு கனமான ஐசோடோப் (பெரும்பாலும் கார்பன்-13) சேர்ந்த அதே மூலக்கூறு. எட்டு கார்பன், நான்கு நைட்ரஜனுக்கு அது 194-இல் சுமார் 10% இருக்க வேண்டும்; இங்கே 19% காட்டும். 194-ஐ மட்டும் தனியே வரைந்தால் உச்சி தட்டையாக இருக்கும்.

கவுண்ட் குறைந்தால் வேறு விதமாகக் கெடும். த்ரெஷோல்ட் (இதற்குக் கீழே உள்ளதைப் பதிவு செய்யாத வரம்பு) 150, பேஸ் பீக் 5,000 என்றால் 3 சதவீதத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் பதிவாகவே ஆகாது. நேர் சங்கிலி ஆல்கேன்களில் இது பெரிய இழப்பு. 43, 57, 71, 85 என்ற துண்டுகள் அவை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கும். ஹெக்ஸாடெக்கேனைப் பிரித்துச் சொல்வது சின்னதாக நிற்கும் முழு மூலக்கூறின் பீக் 226 மட்டுமே. அது போனால், மேட்ச் நன்றாக இருந்தாலும் பெயர் தவறலாம். ரிடென்ஷன் இண்டெக்ஸ் (பொருள் ஜிசியிலிருந்து வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டுத் தரும் எண்) பார்க்காமல் எழுதக் கூடாது.

நிறைகளை ஒன்றன்பின் ஒன்றாக அளக்கும் குவாட்ரபோலில் இன்னொரு சிக்கல். ஸ்கேன் கீழ் நிறையிலிருந்து மேலே போகிறது என்றால், ஜிசி பீக் ஏறும் பக்கத்தில் கனமான அயனிகளின் முறை வருவதற்குள் சோர்ஸுக்குள் பொருள் கூடியிருக்கும். அவை மிகையாகத் தெரியும். இறங்கும் பக்கத்தில் நேர்மாறு. ஒரே ஸ்கேனை எடுத்துத் தேடாமல் உச்சியைச் சுற்றி மூன்று நான்கு ஸ்கேன்களைச் சராசரி எடுங்கள். பீக்குக்குப் பக்கத்துப் பின்னணியைக் கழியுங்கள். 73, 207, 281 காலம்ன் ப்ளீடிலிருந்து, அதாவது ஜிசி குழாயின் (column) உட்பூச்சு கசிவதிலிருந்து வருபவை. விட்டுவைத்தால் ஃபார்வர்ட் மேட்ச் சரியும், லைப்ரரி ஸ்பெக்ட்ரத்தில் இல்லாத பீக்குகளைக் கணக்கில் எடுக்காத ரிவர்ஸ் மேட்ச் மட்டும் உயர்ந்து நிற்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். 109-க்கும் 194-க்கும் உள்ள விகிதம் மாறிவிட்டதா? அப்படியானால் முதல் ஓட்டத்தின் மேட்ச் 920 ஆக இருந்தாலும் அதை ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள்.