பின்வாசல் வழியாக ஒலிம்பிக்: புவனேஸ்வர் நாட்குறிப்பு

ஜூன் 6, 2019, வியாழன்

ஃபானி புயல் அடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கலிங்கா ஸ்டேடியம் போகிற வழியில் சாய்ந்த மரங்களை அறுத்து இன்னும் ஓரமாகவே போட்டிருக்கிறார்கள். நிழல் போன ஊரில் ஜூன் வெயில். பொழுது சாய்ந்த பிறகும் சட்டை முதுகில் ஒட்டுகிறது.

சர்வதேச ஹாக்கி சம்மேளனம் (எஃப்ஐஎச்) நடத்தும் ஆண்கள் ஹாக்கிப் போட்டியான சீரிஸ் பைனல்ஸ் இன்று தொடங்கியது. எட்டு அணிகள். ஃபைனலுக்குப் போனால் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இடம். கவனிக்கவும்: ஒலிம்பிக்கில் அல்ல, தகுதிச் சுற்றில். உலகத் தரவரிசையில் 5ஆவது இடத்தில் இருக்கும் இந்தியாவுக்கு இங்கே என்ன வேலை? ஒலிம்பிக் தகுதிக்கு இன்னொரு வழியாக இருந்த புரோ லீக் என்ற எஃப்ஐஎச் தொடர் வேண்டாம் என்று 2017இல் விலகியது நாமேதான். போன வருடம் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் கிடைத்திருந்தால் நேராக டோக்கியோ ஒலிம்பிக். அரையிறுதியில் மலேசியாவிடம் ஷூட்-அவுட்டில் கோட்டை விட்டோம். மிச்சம் இருந்தது இந்தப் பின்வாசல்.

ரஷ்யாவை 10-0 என்று ஜெயித்தோம். வேறென்ன எழுத?

ஜூன் 7, வெள்ளி

போலந்து 1-1 ஆக்கியதும் அரங்கம் கப்சிப். டிசம்பரில் இதே மைதானத்தில் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்து இரண்டாவது கோல் போட்டபோது விழுந்த அமைதி ஞாபகம் வந்தது. நம் கேப்டன் மன்பிரீத் அப்போதே இன்னொன்று போட்டு மானத்தைக் காப்பாற்றினார். 3-1.

ஜூன் 10, திங்கள்

உஸ்பெகிஸ்தான். தரவரிசையில் 43. இன்றும் 10-0. ஆகாஷ்தீப் ஹாட்ரிக்.

கோல்களை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெனால்டி கார்னர் (கோலுக்கு அருகே செய்த தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) என்றால் கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு நான்கு பேர் நிற்க வேண்டும். அந்த நால்வரும் முகக்கவசத்தை எடுத்து மாட்டுவார்கள். பந்து கிளம்பியதும் ஒருவர் நேராக டிராக் பிளிக் (பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டும் அடி) அடிப்பவரை நோக்கி ஓடுவார், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்துக்குக் குறுக்கே. தப்பித்தால் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்டத்துக்குள் ஓட வேண்டும். கோல் விழுந்தால் குனிந்து பொறுக்கி ஓரத்தில் வைக்க வேண்டும். அடுத்த விசில், மறுபடி கவசம். ஒன்பது கோல் வாங்கிய பிறகும் முதலில் பாய்கிற அந்தப் பையன் ஒரு தடவைகூட அரைமனதாக ஓடவில்லை. நம் கோல்கீப்பருக்கோ இன்று மைதானத்தின் மிகச் சிறந்த இருக்கை.

பக்கத்தில் அலுவலக நண்பர். சுந்தர்கட் மாவட்டத்துக்காரர், இந்திய வீரர்கள் பிரேந்திர லக்ரா, அமித் ரோகிதாஸ் இருவருக்கும் சொந்த மண். நான் கோவில்பட்டி. இரண்டு பேர் ஊரிலும் குழந்தை நடக்கத் தொடங்கியதுமே கையில் மட்டை வந்துவிடும். "இவங்களை அடிச்சு என்ன பெருமை?" என்றார். 1980 மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் நாம் தங்கம் வாங்கியபோது சோவியத்துக்கு ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் வெண்கலம், அந்தப் பெண்கள் அணியில் உஸ்பெகிஸ்தானின் அந்திஜான் ஊர்க்காரர்கள் இருந்தார்கள் என்றேன். "அப்புறம் ஏன் 43?" என்று திருப்பிக் கேட்டார். நம்மையே அப்படிக் கேட்கலாம். அப்போது தங்கம், இப்போது இந்த வரிசை.

ஜூன் 12, புதன்

இந்தப் போட்டியின் நல்ல கதை அமெரிக்கா. அந்த நாட்டில் ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கி. புல்தரை ஹாக்கியைப் பள்ளிகளில் ஆடுவது கிட்டத்தட்ட முழுக்கப் பெண்கள்தான். ஆடும் பையன்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிச் சேர்த்த அணி தென்னாப்பிரிக்கா, ஜப்பான் இரண்டையும் தாண்டிப் பிரிவில் முதலிடம். நேராக அரையிறுதி.

ஜூன் 14, வெள்ளி

அமெரிக்கா 1-2 என்று தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது. சே!

ஜப்பான் இரண்டாவது நிமிடத்திலேயே நமக்கு ஒரு கோல் போட்டது. அவர்களுக்கென்ன, போட்டியை நடத்துகிறவர்கள் என்பதால் டோக்கியோ இடம் கையில் இருக்கிறது, பயமில்லாமல் ஆடலாம். கடைசியில் 7-2, நமக்கு. தகுதிச் சுற்று உறுதி.

ஜூன் 15, சனி

ஒடிசாவின் ரஜோ பண்டிகை. நண்பர் வீட்டிலிருந்து போடா பிட்டா கொண்டுவந்தார். அரிசியும் தேங்காயும் வெல்லமும் சேர்த்து மெல்லிய தணலில் கருக விட்ட பணியாரம். கருகின ஓரம்தான் ருசி, அதை எனக்குத் தரவே இல்லை.

இறுதிப்போட்டி 5-1. வருண் குமார் இரண்டு, ஹர்மன்பிரீத் இரண்டு, விவேக் பிரசாத் ஒன்று. 53ஆவது நிமிடம் தென்னாப்பிரிக்கா ஒரு கோல் போட்டபோது எனக்கு முன்வரிசையில் ஒரு சிறுவன் கைதட்டினான். அவன் அப்பா முறைத்தார், அவன் நிறுத்தவில்லை.

வெளியே வரும்போது நண்பர் விரலைச் சப்பிக்கொண்டே கணக்குப் போட்டார். தகுதிச் சுற்றில் யார் வந்தால் நல்லது?

"ரஷ்யா," என்றார். "பத்து போட்டோமே."