சம்பளம் இல்லாத ஆட்டம்

"சம்பளமே கிடையாதா? அப்போ ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே மாதிரிதான்!" 2024 ஜூலை 22, திங்கட்கிழமை காலை, காபி மெஷின் பக்கத்தில் நின்று நான் சொன்னது இது. முந்தின நாள்தான் டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டி. ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்து ஆட்டம், ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கூடுதல் நேரம் வரை போய், கிளேர் மாவட்ட அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தது கார்க் மாவட்ட அணி. நான் சொன்னது கார்க் அலுவலகத்தில், பிறந்து வளர்ந்ததெல்லாம் கார்க்கிலேயே என்ற மனிதரிடம்.

அவர் சொன்ன பதில் ஒரே வரி. "அதை நாங்கள் குறையாக நினைப்பதில்லை." குரலில் கோபம் இல்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக எதிர் மேஜைக்காரர். அஞ்சு நாள் ஆடிவிட்டு டிராவாமே, நடுவில் டீ இடைவேளை வேறாமே என்று கிரிக்கெட்டை அவர் கிண்டல் பண்ணாத வாரம் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன், ஒருநாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. அந்த உரிமையில்தான் நானும் பேசினேன். ஆனால் அவர் கிண்டல் பண்ணியது எதுவும் இந்தியா உலகக் கோப்பையில் தோற்ற மறுநாள் இல்லையே. 2023 நவம்பரில் அகமதாபாத்தில் தோற்ற மறுநாள் அவர் என்னிடம் கிரிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது எனக்கு அன்றைக்கு ராத்திரிதான் நினைவுக்கு வந்தது.

சம்பளப் பேச்சோடு நான் நிறுத்தவும் இல்லை. "கிரிக்கெட் பக்கம் வந்திருந்தால் உலகமே உங்களைப் பார்த்திருக்கும்" என்றும் சொன்னேன். அப்புறம்தான் படித்தேன். ஹர்லிங்கை நடத்தும், 1884-இல் தொடங்கிய அயர்லாந்துக்காரர்களின் விளையாட்டுச் சங்கம், கிரிக்கெட், ரக்பி, கால்பந்து, ஹாக்கி ஆகியவற்றை ஆடினாலும் சரி, பார்க்கப் போனாலும் சரி, உறுப்பினரை விலக்கிவைக்கும் விதியை 1971 வரை வைத்திருந்திருக்கிறது. அவையெல்லாம் ஆங்கிலேயர் ஆட்டங்கள் என்பதால். அதே க்ரோக் பார்க்கில்தான் 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்திருக்கிறார்கள். அதில் மைக்கேல் ஹோகன் என்ற வீரரும் ஒருவர், ஒரு பக்கத்துப் பார்வையாளர் மாடத்துக்கே அவர் பெயர்தான். இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் அவர் அப்படிப் பதில் சொன்னாரா, இல்லை ஒரு புள்ளியில் போனதை நினைத்துத் தூங்காமல் வந்திருந்தாரா, தெரியாது. ஒருவேளை நான்தான் புத்தகத்தில் படித்ததை அவர் முகத்தில் ஏற்றிப் பார்க்கிறேன்.

அவர் மேஜையில் சாய்ந்தபடி எப்போதும் ஒரு ஹர்லி மட்டை இருக்கும். ஆஷ் மரம், நுனியில் தகரப் பட்டை, கைப்பிடியில் சுற்றிய டேப் வேர்வையில் கறுத்துப் போயிருக்கும். சனிக்கிழமைகளில் ஊர்க் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அதற்கும் பைசா வாங்குவதில்லை. ஒருமுறை என் கையில் கொடுத்தார். பேட் மாதிரி இடது கையை மேலே வைத்துப் பிடித்தேன். "வலது கை மேலே" என்று என் விரல்களைப் பிரித்து மாற்றி வைத்தார். அப்படிச் சொல்லித் தந்த மனிதரிடம்தான் நான் சம்பளத்தைப் பற்றிப் பேசினேன்.

புதன்கிழமை மன்னிப்புக் கேட்டேன். "அட, விடு, வெறும் ஆட்டம்தானே" என்றார். எனக்கு இன்னும் உறுத்துவது அந்த வார்த்தைதான். இரண்டு வருஷத்தில் அவர் வாயில் ஹர்லிங்கைப் பற்றி 'வெறும்' என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்னைச் சமாதானப்படுத்த அவர் தன் ஆட்டத்தைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்காக ஆபீஸில் யாரும் யாரையும் கிண்டலே பண்ணக்கூடாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் கிண்டல் பண்ணிய கிரிக்கெட்டால்தான் நாங்கள் பேசவே ஆரம்பித்தோம்.

அந்தத் திங்களுக்கு அப்புறம் அவர் கிரிக்கெட்டைக் கிண்டல் பண்ணவில்லை.

2025 இறுதிப் போட்டியை முழுசாகப் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் ஆறு புள்ளி முன்னால் இருந்த கார்க், இரண்டாம் பாதியில் இரண்டே புள்ளி எடுத்து டிப்பரரியிடம் தோற்றது. திங்கள் காலை அதே காபி மெஷின், அவரும் வந்தார். பார்த்தேன் என்று சொல்ல நினைத்தேன், முழுசாகப் பார்த்தேன் என்று. பால் வேணுமா என்று கேட்டார். வேணும் என்றேன்.