டோரியன் கிரே கட்டுரை: எட்டாம் அத்தியாயத்தை விடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிவு வந்தாயிற்று. அடுத்து இங்கிலீஷ் ஹோம் லாங்குவேஜ் இரண்டாம் தாளில், அதாவது இலக்கியத் தாளில், ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே நாவலை எழுதப்போகும் டர்பன் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் தம்பி தங்கைகளுக்குச் சூட்டோடு சூடாக இது.

டோரியனைக் கெடுத்தது யார் என்ற கேள்வியை எப்படிச் சுற்றிக் கேட்டாலும், எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதுதான் அதன் உயிர். நண்பன் லார்ட் ஹென்றி கெட்டவன், பையன் டோரியன் அப்பாவி என்று நிரப்பினால் அது வெறும் கதைச்சுருக்கம். கட்டுரைக்கு 25 மார்க்; விஷயத்துக்கே 15. 400 முதல் 450 சொல்லுக்குள் கதை சொல்ல இடம் ஏது?

எட்டாம் அத்தியாயம் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏழாவதின் முடிவில், காதலித்த நடிகை சிபில் வேனை உதறிவிட்டு வந்தவன், ஓவியன் பாசில் வரைந்த தன் படத்தின் வாயோரத்தில் கொடூரம் படிந்திருப்பதைக் கண்டு கலங்குகிறான். மறுநாள், எட்டாவதில், அவளிடம் மன்னிப்புக் கேட்டுப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறான். ஹென்றி ஆள் மூலம் அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமலே ஒதுக்கிவைக்கிறான். ஆக, திருந்தும் மனசு அவனிடம் இருந்தது. பிறகு ஹென்றியே நேரில் வந்து அவள் செத்த செய்தியைச் சொல்லி, அந்தச் சாவை அழகான நாடகக் காட்சியாகப் பேசிப் பேசி, அவன் துக்கத்தையே கரைத்துவிடுகிறான். கெடுக்கும் பேச்சு வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் ஹென்றி கிளம்பிய பிறகு, தனியாக இருக்கும்போதுதான், அவமானத்தைப் படம் சுமக்கட்டும், இன்பம் எனக்கு என்று டோரியன் முடிவெடுக்கிறான். அன்று ராத்திரியே ஆப்பரா பார்க்கப் போய்விடுகிறான். தூண்டியவன் ஒருவன், தேர்ந்தெடுத்தவன் இன்னொருவன்: இந்த இரண்டையும் ஒரே பத்தியில் காட்டுங்கள்.

மற்ற சாட்சிகள், சுருக்கமாக:

- அத். 2: இளமை பற்றிய பேச்சு ஹென்றியுடையது, தனக்குப் பதில் படம் மூப்படையட்டும் என்ற வேண்டுதல் டோரியனுடையது. பாசிலின் ஆராதனையும் கர்வத்தை ஏற்றியது. ஒரு வரி போதும்.
- அத். 4: ஹென்றி அவனைச் சோதனைப் பொருளாகப் பார்க்கிறான்.
- அத். 10, 11: ஹென்றி அனுப்பிய மஞ்சள் அட்டைப் புத்தகம்.
- அத். 13: பாசில் கொலை. ஹென்றி அங்கே இல்லை, அவனுக்குத் தெரியவும் தெரியாது.
- அத். 19: அந்தப் புத்தகத்தால் எனக்கு விஷம் வைத்தாய் என்று ஹென்றியிடம் சொல்கிறான் டோரியன். பழியைத் தள்ளிவிடும் பேச்சு அது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முன்னுரை வரிகளை ஹென்றி வாயில் போடாதீர்கள். 1890 பத்திரிகைப் பதிப்புக்கு வந்த கண்டனத்துக்குப் பிறகு வைல்டு 1891 புத்தகத்தில் சேர்த்தவை அவை.

நாவலில் கட்டுரை எடுத்தால் நாடகத்தில் கான்டெக்ஸ்சுவல்தான் (பகுதியைக் கொடுத்துக் கேட்கும் சிறு கேள்விகள்) எழுத வேண்டும். இரண்டிலும் கட்டுரை எழுதினால் ஒன்றைத் திருத்தவே மாட்டார்கள்.