சாவி யாருகிட்ட இருக்கு?

ஒரு ஸ்கூல் மாடியை வெள்ளத்துக்கு ஒதுங்குற இடமா மாத்துறதுக்கு எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. ரெண்டு கையெழுத்து, ஒரு சீல், அவ்வளவுதான்னு நினைச்சுதான் நானும் இறங்கினேன். இப்போ வெள்ளம் வந்துட்டுப் போயாச்சு, எல்லாரும் நல்லபடியா இருக்காங்க. ஆனாலும் அந்த முதல் ஆபிஸ் பெஞ்சை நினைச்சா இன்னும் எனக்குப் பத்திக்கிட்டு வருது, அதனால புலம்பல் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், பொறுத்துக்கோங்க. இதே வேலைல இறங்கப்போற யாருக்காவது நாலு நடை மிச்சமானா சரி.

ஆத்தங்கரையை ஒட்டின தாழ்வான குடியிருப்பு, 96 வீடு, கிட்டத்தட்ட 400 பேர். பாதி தகரக் கூரை, மீதி ஓலை, தார்ப்பாய். நடந்து போற தூரத்துல மாடி இருக்குற ஒரே கட்டடம் அந்த ஸ்கூல்தான். வீடு வீடா போய் கணக்கெடுக்குறது, மேப் போடுறது எல்லாம் ரெண்டு வாரத்துல முடிஞ்சுது, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. மனுவை எடுத்துக்கிட்டு ஆபிஸ் போனதுல இருந்துதான் கதை.

நாலு மணி நேரம் உக்கார வெச்சுட்டு கிளார்க் முதல் பக்கத்தை மட்டும் பாத்தார். "இது ஆக்கிரமிப்பு லிஸ்ட்ல இருக்குற இடம்மா. கணக்குல இல்லாத இடத்துக்கு ஷெல்டர் குடுன்னா நான் எந்த ஃபைல்ல போடுறது?" அப்படின்னு பேப்பரைத் திருப்பித் தள்ளிட்டார். எனக்கு அந்த நேரத்துல ஒரு வார்த்தை வரல. நல்ல நல்ல பதிலா பஸ் ஏறினப்புறம்தான் வரிசையா வந்துச்சு, வழக்கம்போல. மறுபடி போனப்போ அவர் லீவு. அதுக்கப்புறம் போனப்போ "சீட் மாறிட்டார்". மூணு நடை, மூணு நாள் கூலி போச்சு என்கூட வந்த அக்காவுக்கு.

கடைசில வழி காட்டினது அதே ஆபிஸ்ல ரிட்டயர் ஆகப்போற ஒரு அம்மாதான். "குடியிருப்பு பேர்ல ஏம்மா மனு எழுதுறீங்க, ஸ்கூல் பேர்ல எழுதுங்க. 'பள்ளியின் சுற்றுப்புறத்தில் வசிக்கும் பொதுமக்கள்'னு போட்டா முடிஞ்சுது"ன்னாங்க. ஒரே ஒரு வரி மாத்தினோம், ஒரு வாரத்துல ஃபைல் நகர்ந்துடுச்சு. கரையோரம், ரோட்டோரம் இருக்குறவங்களுக்காக எழுதுற எந்த மனுவா இருந்தாலும் இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. வெள்ளத்துல முதல்ல மாட்டுறதும் அவங்கதான், லிஸ்ட்ல பேர் இல்லாததும் அவங்கதான்.

அடுத்தது ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷன்தான், ஆனா "முகாம் போட்டா ஸ்கூல் நாசமாயிடும், பெஞ்சை உடைச்சு அடுப்பு எரிப்பாங்க"ன்னு பயம். அது சும்மா சொல்ற பயம் இல்ல, பல இடத்துல நடந்திருக்கு. பங்களாதேஷ் கடலோரத்துல நிறைய புயல் ஷெல்டர் வருஷம் முழுக்க ஸ்கூலாத்தான் ஓடுது, தூண் மேல தூக்கிக் கட்டின ஸ்கூல், புயல் வந்தா அதுவே ஷெல்டர்னு படத்தோட காட்டினேன். ஒடிசா கணக்கையும் சொன்னேன். 1999 சூப்பர் புயல்ல அங்க செத்தவங்க கிட்டத்தட்ட 10,000 பேர், 2013ல ஃபைலின் புயல் வந்தப்போ பத்து லட்சம் பேர் கிட்ட முன்கூட்டியே வெளியேத்திட்டாங்க, சாவு சில டஜனோட நின்னுடுச்சு. காத்து ஒண்ணும் கருணை காட்டல, ஆளுங்க அங்க இல்ல, அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "லேப் ரூமை மட்டும் பூட்டிக்குறேன்"னார். அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

அப்புறம் கட்டட உறுதிச் சான்று. இந்தப் பேப்பர் வேணும்னு ஆரம்பத்துல யாருமே சொல்லல, மூணாவது மாசம் சொல்றாங்க. இன்ஜினியர் தேதி குடுக்க அஞ்சு வாரம். வந்தது ஞாயித்துக்கிழமை. கேட் பூட்டியிருக்கு. வாட்ச்மேன் அண்ணன் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கார், சாவி அவர் சட்டைப் பையில. இன்ஜினியர் கேட் கம்பி வழியா கட்டடத்தை ஒரு பார்வை பாத்துட்டு ஜீப்ல ஏறிட்டார். மறுபடி அஞ்சு வாரம்.

அன்னிக்கு அழுகைதான் வந்துச்சு. ஆனா அதே கேட்டு முன்னாடி நின்னுக்கிட்டுதான் ஒண்ணு உறைச்சுது. இது ஞாயித்துக்கிழமை, பகல், வெயில். ராத்திரி ரெண்டு மணிக்கு இடுப்பளவு தண்ணில 400 பேர் இதே கேட்டு முன்னாடி வந்து நின்னா? எங்க ப்ளான் 22 பக்கம், கலர் மேப் வேற. சாவி யாருகிட்ட இருக்கும்னு ஒரு வரி கூட அதுல இல்ல. அப்புறம் மூணு சாவி போட்டோம். வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு, குடியிருப்புல ராத்திரி சரியா தூங்காத ஒரு பாட்டிகிட்ட ஒண்ணு (அவங்களே "நான்தான் முழிச்சுக்கிட்டே கிடக்கேனே, என்கிட்ட குடு கண்ணு"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க), மேட்டுத் தெருவுல ஒரு மெக்கானிக் தம்பிகிட்ட ஒண்ணு.

ரெண்டாவது தடவை வந்த இன்ஜினியர், உண்மையைச் சொல்லணும்னா, நிறைய உதவி பண்ணார். பின்னாடி தகர ஷெட்டுல யாரையும் விடாதீங்க, தகரம் பிச்சுக்கிட்டா கத்தி மாதிரி பறக்கும்னார். ஜன்னலுக்குப் பலகை அடிக்கும்போது காத்து அடிக்கிற பக்கம் மட்டும் அடிச்சுட்டு விடக்கூடாதாம். புயலோட கண் மேல வந்தா காத்து நின்ன மாதிரி இருக்கும், எல்லாரும் முடிஞ்சுதுன்னு வெளிய வருவாங்க, அப்புறம் எதிர்ப்பக்கத்துல இருந்து அடிக்கும். அந்த நடுவுல வீட்டைப் பாக்கப் போய் மாட்டுறவங்க நிறையன்னார்.

ஃபார்ம்ல 'எத்தனை பேர் தங்கலாம்'னு ஒரு கட்டம் உண்டு. கிளார்க் (புது சீட்காரர்) அவரே 400ன்னு போட்டுட்டார், நாங்க கேட்டது 400 தானே. உலகம் முழுக்க நிவாரண வேலைல பாக்குற ஸ்ஃபியர் கையேட்டுல ஒரு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர்னு இருக்கு. மாடில ஆறு ரூம், மொத்தம் 288 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்க, 82 பேர். ஒரு ராத்திரி நெருக்கியடிச்சு உக்காந்துக்கலாம், மூணு நாள் நாலு நாள் எல்லாரும் தங்க முடியாது. அதனால மேட்டுல சொந்தக்காரங்க வீடு இருக்குறவங்க யார் யார்னு தனி லிஸ்ட் எடுத்தோம், மாடியை படுக்கையில இருக்குறவங்க, கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரங்க, போக்கிடம் இல்லாதவங்கன்னு ஒதுக்கினோம். கட்டத்துல இருந்த 400ஐ மாத்தச் சொன்னதுக்கு "கம்மி பண்ணா மேல கேள்வி வரும்மா"ன்னுட்டார். அது இன்னும் 400 தான்.

டாய்லெட் விஷயத்துல நாங்க எல்லாருமே அசடு வழிஞ்சோம். 20 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு, 82 பேருக்கு நாலுக்கு மேல வேணும். ஸ்கூல்ல ரெண்டு இருக்கு. ரெண்டும் கீழ. வெள்ளத்துல முதல்ல முங்குறதே அதுதான்! இதை மீட்டிங்ல கண்டுபிடிச்சது ஒரு ஒன்பதாம் கிளாஸ் பொண்ணு, நாங்க இல்ல. மாடிப்படி திருப்பத்துல தடுப்பு வெச்சு, மூடி போட்ட பெரிய பக்கெட், சுண்ணாம்புத்தூள், ஒரு சோலார் லைட். பொம்பளைங்களுக்கு ஒரு ரூம் தனியா, உள்பக்கம் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட ஆன செலவு ஒண்ணுமே இல்ல, ஆனா அது இல்லன்னா வயசுப் பொண்ணுங்களை வெச்சிருக்குற அம்மாக்கள் வரமாட்டாங்க. பங்களாதேஷ்ல 1991 புயல்ல 1,38,000 பேர் போல செத்தாங்க, ஆம்பளைங்களை விட பொம்பளைங்க ரொம்ப அதிகம். சேதி அவங்களை எட்டாதது, குழந்தையை விட்டுட்டு ஓட முடியாதது, ஆம்பளைங்க நெரிசலா இருக்குற ஷெல்டருக்குப் போகத் தயங்கினது, எல்லாம் சேர்ந்துதான்.

முதல் டிரில். மைக்ல அறிவிப்பு, சைரன், பேனர், எல்லாம் தடபுடல். வந்தது 11 பேர், அதுல ஏழு சின்னப் பசங்க. அன்னிக்குன்னு கரண்ட் வேற போய் சைரன் பாதில முனகி நின்னுடுச்சு. மறுநாள் வீடு வீடா போய் ஏன் வரலன்னு கேட்டேன், திட்டு வாங்கத் தயாராத்தான் போனேன். பதில் எல்லாம் ஒரே மாதிரி. "ஆட்டை எங்க விடுறது?" "வீட்டைத் திறந்து போட்டா தகரத்தைக் கூட கழட்டிட்டுப் போயிடுவான்." "நீர்மட்டம் 4.2 மீட்டர்னு மைக்ல சொன்னீங்களே, அது என் வீட்டுக்கு வருமா வராதா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்ககிட்டயே பதில் இல்ல.

அதுக்கப்புறம்தான் உருப்படியான வேலை நடந்துச்சு. கரண்ட் கம்பத்துல பெயிண்ட், முழங்கால் உயரத்துல மஞ்சள், இடுப்பு உயரத்துல சிவப்பு. மீட்டர் கணக்கு யாருக்கும் வேண்டாம், "தண்ணி மஞ்சளைத் தொடுறதுக்குள்ள மாடில இருக்கணும்", அவ்வளவுதான் சேதி. மேல மதகுப் பக்கம் இருக்குற ஒருத்தர் தண்ணி ஏறினா போன் பண்ணுவார், அங்க ஏறினா இங்க வர சுமார் அஞ்சு மணி நேரம்னு பழைய ஆளுங்க அனுபவத்துல சொன்னாங்க, ரெண்டு மழைல பாத்து சரிபாத்தோம். சைரனை நம்புறதை விட்டுட்டு பேட்டரி மெகாபோன், விசில், கொடி. பங்களாதேஷ்ல 1970 போலா புயல்ல குறைஞ்சது மூணு லட்சம் பேர் போனதுக்கப்புறம் 1972ல தொண்டர் படை ஆரம்பிச்சாங்க, அவங்க இன்னிக்கும் கொடி ஏத்தி, மெகாபோன்ல கத்தித்தான் ஊரைக் கூட்டுறாங்க. காது கேக்காத ஒரு அண்ணன் வீட்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் டார்ச்சை ஜன்னல்ல அடிக்கணும்னு பேச்சு. ஆட்டுக்கு ஸ்கூல் பின்னாடி மண் மேடு கொட்டினோம், பங்களாதேஷ்லயும் மாட்டுக்காக அப்படி மேடு போடுறது உண்டு. திருட்டுக்கு மேட்டுல நின்னு பாத்துக்க நாலு பேர், முறை வெச்சு. ரெண்டாவது டிரில்ல 260 பேர். நான் சும்மா நின்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்.

வெள்ளம் வந்த ராத்திரி பத்தி சொல்ல கம்மியாத்தான் இருக்கு, நல்லபடியா போனா அப்படித்தான். ஒன்பது மணிக்கு மதகுக்காரர் போன். பதினோரு மணிக்கு விசில். வாட்ச்மேன் அண்ணன் அன்னிக்கும் ஊர்ல இல்ல, நம்புங்க! பாட்டி புடவை முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த சாவியைத் தூக்கிக் காட்டிக்கிட்டே வந்தாங்க. படுத்த படுக்கையா இருந்த தாத்தாவை பிளாஸ்டிக் சேர்ல கயித்தைக் கட்டி நாலு பேர் தூக்கினாங்க. ஒன்றரை மணிக்கு தண்ணி மஞ்சளைத் தாண்டிடுச்சு, மூணுக்கு சிவப்பு.

ஒரே ஒருத்தர் மட்டும் திரும்பிப் போனார், வீட்டுப் பேப்பர் எடுக்க. கணுக்கால் அளவு தண்ணிதான்னு இறங்கினார், ஓடுற தண்ணி 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிடும்னு டிரில்ல எத்தனை தடவை சொன்னோம். வேலிக் கம்பியைப் பிடிச்சு நின்னவரை கயிறு போட்டு இழுத்தாங்க, கைல பன்னிரண்டு தையல். தப்பு அவர் மேல மட்டும் இல்ல. பேப்பரையெல்லாம் போட்டோ எடுத்து, ஜிப் கவர்ல போட்டு முன்னாடியே பையில வெக்கச் சொல்லணும்னு எங்க லிஸ்ட்ல இருந்துச்சு, கவர் வாங்குறதை "அடுத்த வாரம்"னு தள்ளினது நான்தான். நீங்க தள்ளாதீங்க.

எங்களுக்குக் கிடைச்சது ஒரு மழைக்காலத்துக்கான தற்காலிக அனுமதிதான். நிரந்தர அனுமதிக்குப் போட்ட ஃபைல் வெள்ளம் வடிஞ்ச மூணாவது வாரம் திரும்பி வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா ஒரு கட்டம் காலியா இருக்காம், நிரப்பி மறுபடி அனுப்பணுமாம்: 'சாவிப் பொறுப்பாளர் பெயர்'. ஒரு பேருக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தாங்க. மூணு பேரையும் எழுத இடம் பத்தல, பின்பக்கம் எழுதி, அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கேன்.